போலி இருமல்

மாநில மரபணுத் தகுதி வாரியத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. என்னிடமும் எச்சில் வாங்கிக்கொண்டு போனார்கள், அட்டை கொடுத்தார்கள், என் பெயரில் ஒரே ஒரு துணைக்காலைத்தான் விட்டிருந்தார்கள். அரசாங்கக் காகிதத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் சிலம்பரசன் விஷயத்தில் நடந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டும். வாரியத்தில் இருக்கிற கோப்பு அறுநூறு பக்கம். அதில் சிலம்பரசனைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது.

முதலில் வாரியம் வந்த கதை. செம்மங்குப்பம் பக்கம் சாயங்காலம் காற்று திரும்பினால் ஒரு நாள் அழுகல் முட்டை வாடை வரும், ஒரு நாள் எரிந்த ரப்பர் வாடை வரும், சில நாள் பேர் தெரியாத ஒன்று வரும். ஜனங்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். மேலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. மூக்கில் கர்ச்சீப்போடு இரண்டு நாள் நின்று ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. காற்று எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் சிலர் இருமுகிறார்கள், சிலர் இருமுவதில்லை. ஆகவே கோளாறு காற்றில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. காற்றைத் திருத்தும் தொழில்நுட்பம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஆளைத் திருத்தும் தொழில்நுட்பம் தயார் என்று அறிக்கை முடிந்தது.

உடனே வாரியம் பிறந்தது. எல்லோருடைய எச்சிலையும் எடுத்து, புகையைப் பொறுக்கும் மரபணு உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இதற்குப் பெயர் வைக்கப் புலவர் செந்தமிழ்செல்வனை அழைத்தார்கள். அவர் மூன்று நாள் யோசித்துத் 'தாங்குநர்', 'தாங்கார்' என்று கொடுத்தார். தூய தமிழில் இருந்ததால் யாருக்கும் அது இழிவாகப் படவில்லை.

ஆறே மாதத்தில் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கல்யாண விளம்பரத்தில் 'சாதி தடையில்லை, தாங்குநர் மட்டும்' என்று போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தாங்கார் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், அவர்கள் நல்லதுக்காகத்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முன்பெல்லாம் சுற்றி வளைத்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். இப்போது அந்தச் சங்கடம் இல்லை. அட்டையை நீட்டினால் போதும்.

சிலம்பரசன் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். பேரல் உருட்டுகிற வேலை. அப்பா சடையப்பன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தவர். நிலம் கம்பெனிக்குப் போனது, பின்னாலேயே மகனும் போனான். இந்த வருஷம் அவனை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மனைவி இளமதிக்கு எட்டு மாதம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் வாரியத்தின் களப்பணியாளர் பக்கிரி அட்டையோடு வந்து நின்றார்.

"தம்பி, மனசத் திடப்படுத்திக்க. தாங்கார்னு வந்துருக்கு."

"நானா? ஒம்போது வருசத்துல ஒரு நாளாச்சும் நான் இருமிப் பாத்துருக்கியாண்ணே?"

"நான் பாத்ததெல்லாம் சேராது தம்பி. எச்சிலு என்னா சொல்லுதோ அதான்."

இளமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அப்ப பொறக்கப் போற புள்ளைக்கு?"

"அப்பன் எதுவோ அதுதாம்மா. பொறந்த மூணாம் நாளு அட்ட வந்துரும்."

"என் அட்டையில தாங்குநர்னு போட்டுருக்கே. புள்ளையில பாதி என்னோடது இல்லியா?"

பக்கிரி நல்ல மனிதர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒன்னோடதுதாம்மா, யாரு இல்லன்னா? ஆனா ஃபாரத்துல அதுக்கு எடம் இல்ல."

அன்றைக்கே கம்பெனி நோட்டீஸ் போர்டிலும் காகிதம் ஒட்டிவிட்டார்கள். நிரந்தரப் பட்டியலில் தாங்குநர் மட்டும். சிலம்பரசனுக்குத் தன் வேலை போவதைவிட, இன்னும் முகமே பார்க்காத பிள்ளைக்கு இப்போதே ஜன்னலோரம் இடம் போட்டுவிட்டார்களே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. மறுநாள் காலையிலேயே கடலூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

வாரியத்தின் மாவட்ட அலுவலகம் மஞ்சக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருந்தது. படியேறியதும் 'இங்கு இருமாதீர்' என்று பலகை. அமிர்தம் என்கிற எழுத்தர் அம்மா அவன் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒங்க அப்பா பேரு என்னா?"

"சடையப்பன்."

"இதுல சக்கரபாணி மகன்னு இருக்கே. ஊரு மங்கலம்பேட்ட."

நடந்தது இதுதான். சிலம்பரசன் எல்லோரையும் போல இனிஷியலை இங்கிலீஷில் எஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தான். மங்கலம்பேட்டைச் சிலம்பரசன் சி என்று எழுதிக் கொடுத்திருந்தான். வாரியத்தில் தமிழ் வளர்ச்சி மாதம் கொண்டாடியபோது எல்லா இனிஷியலையும் தமிழாக்கிவிட்டார்கள். எஸ்ஸும் ச ஆனது, சியும் ச ஆனது. இரண்டு ச. சிலம்பரசன். இருவரின் எச்சிலும் ஒன்றுக்கொன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அமிர்தம் அம்மா இதைக் கண்டுபிடித்த வேகத்தைப் பார்த்தபோது, இது அவருக்கு முதல் தடவை அல்ல என்று தெரிந்தது. "நேரா சூப்ரண்டு சார்கிட்ட போங்க" என்று மட்டும் சொன்னார்.

கண்காணிப்பாளர் ஞானசேகரன் பேசுவதில் வல்லவர். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர். கோப்பை பின்னால் அலமாரியில் இருந்தது.

"ஒக்காருங்க. இங்கிலீஷ்ல எஸ்ஸு வேற, சி வேற. பிரிச்சே பழக்கப்பட்டவன் மொழி. தமிழ்ல ஒரே ச. சடையப்பனுக்கும் அதே ச, சக்கரபாணிக்கும் அதே ச. இதுதாங்க சமத்துவம். இதப் போயி தப்புன்னு சொல்றவன் தமிழையே தப்புன்னு சொல்றான். நீங்க சொல்றீங்களா?"

"அய்யோ, இல்லீங்க சார்."

"அப்ப தப்பு இல்ல."

"ஆனா அந்த எச்சிலு என்னோடது இல்லீங்களே சார்."

"ஒங்க வாயில இருக்கிற வரைக்கும்தான் அது ஒங்களோடது. குப்பிக்குள்ள வந்துட்டா வாரியத்தோடது. வாரியத்துக்குத் தெரியாதா எது யாரோடதுன்னு?"

சிலம்பரசன் கடைசியில், எல்லா ஆபீசிலும் சொல்கிற வார்த்தையைச் சொன்னான்.

"எப்படியாச்சும் திருத்தம் பண்ணிக் குடுங்க சார்."

ஞானசேகரன் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? திருத்தம் தாராளமா பண்ணலாம். அதுக்குத்தான நாங்க இருக்கோம். படிவம் ஏழு. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இங்க கட்டவிரல். திங்கக்கெழம சிதம்பரம் போயிருங்க. திருத்த மையம் அங்கதான். முகூர்த்த நாளா இல்லியான்னு மட்டும் பாத்துக்குங்க."

முகூர்த்தம் எதற்கு என்று சிலம்பரசன் கேட்கவில்லை. ஆபீஸில் வேலை முடிந்தால் காரணம் கேட்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். படியிறங்கியதும் இளமதிக்கு போன் போட்டான். "திருத்தம் பண்ணித் தர்றேன்னுட்டாங்க. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

சிதம்பரத்தில் முகூர்த்தத்தின் காரணம் விளங்கியது. மரபணுத் திருத்த மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு இருந்தது. முகூர்த்த நாட்களில் மையத்துக்கு விடுமுறை. வாசலில் நேற்றைய வாழை மரம் வாடிக்கொண்டிருந்தது. மணமேடையில் எச்சில் குப்பிகள் அடுக்கியிருந்தன. 'மணமகன் அறை' என்ற பலகைக்குக் கீழே 'ஊசி' என்று காகிதம் ஒட்டியிருந்தது. 'மணமகள் அறை'யில் இயக்குநர் டாக்டர் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் ஏழெட்டு இருந்தன.

பதினொரு மணிக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். "ச. சிலம்பரசன்."

சிலம்பரசன் எழுந்தான். மூன்றாவது வரிசையில் இன்னொருவனும் இருமிக்கொண்டே எழுந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும், ஒல்லி, தோளில் துண்டு, துண்டின் ஒரு முனை எப்போதும் வாயருகிலேயே இருந்தது. அவன் கையில் இருந்தது தாங்குநர் அட்டை. அந்த அட்டையைக் காட்டித்தான் நான்கு மாதத்துக்கு முன் இதே செம்மங்குப்பத்தில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தாங்குநர் இப்படி இருமினால் அட்டைக்கு என்ன மரியாதை என்று கம்பெனி கேட்டு, அவனையும் திருத்தத்துக்கு அனுப்பியிருக்கிறது.

இருவரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். தேவசகாயம் சாந்தமாகப் பேசினார்.

"பயப்படாதீங்க. சின்ன ஊசிதான். அட்டையில என்ன இருக்கோ, அதுக்கு ஏத்த மாதிரி ஒடம்ப மாத்திடுவோம்."

சிலம்பரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட்டையத் திருத்தத்தான சார் வந்தேன்?"

"அட்டையத் திருத்த விதி இல்லப்பா. அரசிதழ்ல வந்தாச்சு. மரபணுவத் திருத்தத்தான் விதி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிற படிவம் ஏழு அதுதான். ஒங்க அட்டையில தாங்கார். ஒடம்புல அந்தக் குறை இல்லன்னு சொல்றீங்க. அத நாங்க வெச்சுடுவோம். ஒரு மாசத்துல அட்ட சொல்றபடி இருமுவீங்க."

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற கதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெட்டுகிறவர் இத்தனை பணிவாக இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

"இல்லாத கொறைய எதுக்கு சார் வெக்கணும்? அப்புறம் அது என் புள்ளைக்கும் போவாதா?"

"போகும். அதனாலதான் புள்ளையோட அட்டையும் சரியா இருக்கும். குறைய வெச்ச பிறகு, 'குறை நீக்கத் திட்டம்'னு ஒண்ணு இருக்கு. அதுல மனு போட்டு எடுத்துக்கலாம். திட்டம் இன்னும் தொடங்கல."

"வேணாங்க சார். நான் ஊசி போட்டுக்க மாட்டேன்."

சிலம்பரசன் இப்படிப் பேசக்கூடிய ஆள் அல்ல. சூப்பர்வைசர் திட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறவன். சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். தேவசகாயம் கோபப்படவில்லை. ஒருவர் மறுத்தால் அறநெறிக் குழுவைக் கூட்ட வேண்டும் என்று விதி இருந்தது. குழுவில் மூன்று பேர். அவர், கண்காணிப்பாளர் ஞானசேகரன், புலவர் செந்தமிழ்செல்வன். சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவதாக அறிவித்தார்.

இரண்டு சிலம்பரசன்களும் வெளியே ஒரு மெஸ்ஸில் இட்லியும் கொத்சும் வாங்கிச் சாப்பிட்டார்கள். மங்கலம்பேட்டையான் இரண்டு வாய் சாப்பிடுவதும் ஒரு தடவை இருமுவதுமாக இருந்தான்.

"ஏன் மச்சான், நெசமாவே ஒனக்கு இருமலே வராதா?"

சிலம்பரசன் அக்கம்பக்கம் பார்த்தான். "வரும். எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் வரும். அடக்கிடுவேன்."

"அடக்குவியா?"

"காண்ட்ராக்ட்டு ஆளு இருமுனா சூப்பர்வைசரு அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிருவான். மொத வருசம் நாலு தடவ அனுப்புனான். அப்புறம் பழகிக்கிட்டேன். கன்னத்த உள்ள கடிச்சிக்கிட்டு எச்ச முழுங்கணும். ஷிஃப்ட்டு முடிஞ்சதும் ரயில் ரோட்டுப் பக்கம் போயி அரமணி நேரம் இருமிட்டு ஊட்டுக்குப் போவேன். ஒம்போது வருசம். இப்ப அதுவே எனக்குத் தெறம ஆயிடுச்சு."

மங்கலம்பேட்டையான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். "எனக்கு அந்தத் தெறம இல்ல மச்சான். நான் இங்க வந்தது தப்பு. எங்கூர்ல முந்திரிக்கொட்ட ஒடச்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பொண்ணு, படிக்கிதுங்க. ஒன் எச்சில வெச்சிக்கிட்டு நான் சம்பளம் வாங்கிட்டு இருக்கேன். குழு கேட்டா நானே சொல்லிடுறேன், அட்ட மாறிப் போச்சுன்னு. நீ ஒன் அட்டைய வாங்கிக்க."

"ஒனக்கு வேல போயிடுமேய்யா."

"கொட்ட ஒடைக்கிற சுத்தி இன்னும் ஊட்டுலதான் கெடக்கு" என்றான் அவன்.

சிலம்பரசனுக்கு அழுகை வந்துவிட்டது. பேரும் இனிஷியலும் தவிர ஒன்றும் ஒட்டாத ஒரு மனிதன் இவ்வளவு பெரிய மனதோடு பேசினால் யாருக்குத்தான் வராது? வாரியத்தில் இத்தனை மரபணு பார்க்கிறார்களே, இது எதில் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்கு அறநெறிக் குழு கூடியது. மங்கலம்பேட்டையான் சொன்னபடியே எல்லாவற்றையும் சொன்னான். குழு கேட்டுக்கொண்டது. புலவர் எழுந்து, "யாருடைய உடம்பு என்று அறியாமல் ஊசி போடுவது அறமன்று. அறிந்து போடுவதே அறம்" என்றார். ஆகவே இருவரில் யார் தாங்குநர், யார் தாங்கார் என்று நேரடிச் சோதனை வைக்கத் தீர்மானமாயிற்று. செம்மங்குப்பத்துக் காற்று ஒரு பாட்டிலில் அரக்கு முத்திரையோடு மையத்தில் தயாராக இருந்தது. அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை.

சோதனை மணமகள் அறையில் நடந்தது. ஏசி போட்டிருந்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். நடுவில் இரண்டு சிலம்பரசன்கள். எதிரே குழு. தேவசகாயம் முத்திரையை உடைத்து மூடியைத் திருகினார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அழுகல் முட்டை, அதற்குப் பின்னால் எரிந்த ரப்பர், அதற்கும் பின்னால் அந்தப் பேர் தெரியாத ஒன்று. மங்கலம்பேட்டையான் துண்டுக்குள் குனிந்துவிட்டான். அடுத்து ஞானசேகரன் இருமினார். அவருக்கு அடுத்து தேவசகாயம். புலவர் 'அ' என்று ஏதோ தொடங்கி, அதை முடிக்காமலேயே மேஜை மேல் கவிழ்ந்தார். டீ கொண்டுவந்த பையன் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான்.

சிலம்பரசன் அசையவில்லை. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டான். எச்சிலை விழுங்கினான். ஒன்பது வருஷத்தில் இத்தனை கெட்டியாக அவன் அடக்கியதே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ சுவரில் மோதுகிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் நின்றது. கைவிரல்கள் மரத்துப்போயின. பிள்ளை ஜன்னலோரம் உட்காரக் கூடாது, உட்காரக் கூடாது என்று அதையே நினைத்துக்கொண்டு நின்றான். பாட்டில் காலியாகிக் கதவைத் திறந்து விடும் வரைக்கும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

அடேயப்பா என்று எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் முடிவு எழுத வேண்டியவன் நான் அல்ல.

தேவசகாயம் முகம் கழுவிக்கொண்டு வந்து முடிவைச் சொன்னார். "இந்த அறையில இருந்தவங்க அஞ்சு பேரு. இருமுனது நாலு பேரு. அதுல மூணு பேரு குழு. குழுவுல இருக்கணும்னா தாங்குநர் அட்ட இருக்கணும்ங்கிறது விதி. எங்ககிட்ட இருக்கு. ஆக, தாங்குநர்னு சான்று பெற்ற அத்தன பேரும் இருமிட்டோம். அப்ப இருமறதுதான் தாங்குநரோட அடையாளம். மங்கலம்பேட்டைக்காரர் இருமுனாரு. அவரோட அட்ட சரி. நீங்க ஒருத்தர்தான் இருமல. ஒங்க அட்டையும் சரி."

"சார்?"

"பிழையே நடக்கலப்பா. திருத்தம் தேவையில்ல. ஊசி மிச்சம்."

ஞானசேகரன் மேஜையைத் தட்டினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, ஒரே ச-ன்னு!"

புலவருக்குத்தான் கொஞ்ச நேரம் தயக்கம் இருந்தது, இலக்கணப்படி. தண்ணீர் குடித்துவிட்டு அதையும் தீர்த்துவைத்தார். "தாங்குதல் என்பது ஏற்றல். ஏற்றவனுக்கே இருமல் வரும். இவர் காற்றை ஏற்கவே இல்லை. காற்று வந்து கதவைத் தட்டியும் திறக்க மறுத்திருக்கிறார். மறுப்பவர் தாங்கார். சொல் மிகச் சரியாகவே ஆளப்பட்டிருக்கிறது."

சிலம்பரசனுக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். இருமியிருந்தால் பிள்ளை தப்பித்திருக்கும்.

"சார், இப்ப நான் இருமுறேன் சார். அடக்கி வெச்சிருக்கேன். இருமட்டுமா?"

தேவசகாயத்தின் குரலில் முதல் முறையாகக் கடுமை வந்தது. "கூடாது. தாங்கார் சான்று உள்ள ஒருத்தர் தாங்குநர் மாதிரி இருமுனா அது ஆள்மாறாட்டம். போலிச் சான்றிதழ் கேள்விப்பட்டிருப்பீங்க. இது போலி இருமல். ஒரு இருமலுக்கு ஒரு நோட்டீஸ். மூணு நோட்டீஸ் வந்தா குடும்பத்தோட ஊசி. விரும்பினாலும் விரும்பாட்டியும்."

மங்கலம்பேட்டையான் வாசலில் சிலம்பரசனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். இருமல்தான் வந்தது. அவன் இனி இருமலாம், எவ்வளவு வேண்டுமானாலும். அந்த வாரமே அவனை நிரந்தரம் ஆக்கினார்கள். சுற்றறிக்கை எல்லாக் கம்பெனிக்கும் போனது. மறுநாள் காலை ஷிஃப்ட்டில் செம்மங்குப்பமே இருமியது. ஒன்பது வருஷம், பத்து வருஷம் அடக்கிய ஆட்கள் எல்லாம் சூப்பர்வைசர் காதருகில் போய் நின்று இருமினார்கள். சூப்பர்வைசர் சந்தோஷமாகப் பேர் எழுதிக்கொண்டார். சிலம்பரசனை மட்டும் கேட்டிலேயே நிறுத்திக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு நடந்தான். வழியில் ரயில் ரோடு வந்தது. அங்கே நின்று இருமலாமா என்று பார்த்தான். கேட் கீப்பர் பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்துவிட்டான்.

இருபது நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. கயல்விழி என்று பேர் வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் காற்று திரும்பிய நேரத்தில் பக்கிரி அட்டையோடு வந்தார். அட்டையில் சி-க்குப் பதில் ச என்று அச்சாகியிருந்தது, மற்றபடி சரிதான். தாங்கார்.

பக்கிரி அட்டையை நீட்டும்போதே துணித் தொட்டிலுக்குள் குழந்தை இருமியது. சின்ன இருமல். பூனைக்குட்டி தும்முவதைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கிரியின் முகம் செத்துப்போனது.

"தம்பி... காதுல உழுந்துடுச்சே. உழாம இருந்துருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

சிலம்பரசன் பாய்ந்து போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டான். குழந்தையின் வாயை மூடப் போனான். அது இரண்டாவது தடவையும் இருமியது. அவன் உள்ளங்கை அதன் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. வாய்க்கு மேலே, ஒரு விரல் தூரத்தில், அந்தக் கை நின்றுவிட்டது.

"கைய எடுங்க" என்றாள் இளமதி. சத்தம் போடவில்லை. "மூணு நாளு புள்ள. அதுவும் கன்னத்தக் கடிச்சிக்கணுமா? அதுக்குப் பல்லு கூட மொளைக்கல."

சிலம்பரசன் கையை எடுத்தான். பக்கிரி நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்து, மைனர் என்பதால் தகப்பன் பேரில் போட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். தேதி எழுதினார், ஊர் எழுதினார், 'போலி இருமல், எண்ணிக்கை' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதப் பேனாவை வைத்தார்.

"இருண்ணே" என்றான் சிலம்பரசன். "சேத்தே எழுதிக்க."

வாசலில் வந்து நின்றான். தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி நின்று, வாயைத் திறந்து இருமினான். முதல் இருமலுக்கு எதிர்வீட்டில் டிவியை நிறுத்தினார்கள். அப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. ஒன்பது வருஷத்தில் அடக்கியது எல்லாம் வரிசையில் நின்று காத்திருந்த மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் இருமினான். உள்ளே குழந்தையும் இருமியது. இளமதி தடுக்கவில்லை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

பக்கிரி கடமை தவறாதவர். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்து மூன்று வரை சரியாக வந்தது. இருபத்து நாலில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. அவர் அட்டையிலும் தாங்கார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், எந்த நோட்டீஸில் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை மூடிக் கீழே வைத்து, அவரும் இரும உட்கார்ந்தார்.